பெட்டியோடு வந்த லென்ஸ்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலம்தானே? நீ எடுத்து அனுப்பிய பாப்பாவின் படம் கிடைத்தது. தினமும் ஊரார் படங்களைப் பிரிண்ட் போட்டுத் தள்ளுகிற எங்கள் லேபிலேயே எல்லோரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். முகம் அவ்வளவு துல்லியம். பின்னால் சுவர் இருப்பதே தெரியாமல் கரைந்து கிடக்கிறது.

அதுதான் இடிக்கிறது. நான் வாங்கித் தந்தது கேமராப் பெட்டியோடு வந்த சாதா லென்ஸ். நாலு பேரை நிற்கவைத்து எடுக்கலாம். உருப்படியான படத்துக்கு ஆகாது. யாரிடமாவது நல்ல லென்ஸ் இரவல் வாங்கினாயா? யாரிடம்? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்

மார்ச் 15

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

இது பாராட்டா, விசாரணையா? அதே லென்ஸ்தான். ஜூமை இழுக்கிற மட்டும் இழுத்து, பாப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, கிட்டே போய் எடுத்தேன். சுவர் கூடத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது, கரையாமல் என்ன செய்யும்? எத்தனையோ வீணாகி ஒன்று தேறியது.

எதிர்வீட்டு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, பள்ளி ஆண்டு மலருக்குப் படம் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை! லீவுக்கு எப்போது வருகிறீர்கள் என்று எழுதவேயில்லையே?

உங்கள் வாயாடி

மார்ச் 27

அன்புள்ள உனக்கு,

ஆண்டு மலர் விஷயம் சந்தோஷம். ஆனால் எங்கள் மேனேஜர், "பெட்டி லென்ஸ்ல இதெல்லாம் வராதுப்பா. யாரோ கைதேர்ந்தவன் எடுத்திருக்கான்" என்கிறார்.

மறைப்பானேன். பூதக்கண்ணாடி வைத்துப் பாப்பாவின் கருவிழியைப் பார்த்தேன். படம் எடுத்த ஆள் அதில் தெரிகிறான். கோடு போட்ட முழுக்கைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை. உனக்கு இடுப்பு வரை முடி. யார் அவன்? உண்மையைச் சொல்லிவிடு, கோபப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
நான்

ஏப்ரல் 6

பாப்பா அப்பாவுக்கு,

அந்த ஆள் நான்தான். சட்டை உங்களுடையது, பீரோவில் தொங்குகிறதே என்று வீட்டில் போட்டுக்கொள்கிறேன். எனக்கு வந்த காய்ச்சலுக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதால் ஒட்ட வெட்டிவிட்டேன். தூரத்தில் இருந்து பதறுவீர்கள் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் வெட்டிவிட்டது யார் என்று கேட்டிருப்பீர்கள்.

சட்டைக் கோடு வரை காட்டியிருக்கிறது அந்தச் சாதா லென்ஸ். அது உங்கள் சட்டை என்று தெரிந்திருந்தால், உங்கள் சந்தேகம் அதோடு தீர்ந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது.

நான் படித்துக்கொண்டிருக்கும்போதே பாப்பா ஓடி வந்தாள். "அப்பா என்னம்மா எழுதியிருக்காங்க? என் பல்லப் பாத்தாங்களாமா?" என்று கேட்டாள். முன்பல் இரண்டும் விழுந்த மறுநாள் எடுத்த படம் அது. உங்களுக்குக் காட்டத்தான் அப்படி வாயைத் திறந்து சிரித்தாள்.

பார்த்தார் என்று பொய் சொல்லிவிட்டேன். இனிமேல் படம் அனுப்ப மாட்டேன்.

பாப்பாவின் அம்மா