எதிர்மனுதாரர் மெர்சி

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். நேற்று மாலைதான் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். வலது தொடைக்குள் கம்பி. அவர் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறார். முருங்கை மரம் தெரிகிறது. கம்பளிப்பூச்சியும் தெரிகிறது.

பாத்ரூம் போவதென்றால் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான். "கல்யாணம் ஆன புதுசுல கூட இப்டி இல்ல" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பேசாம நட" என்றார்.

அங்கன்வாடிக்கு லீவு சொல்லியாச்சு. பிள்ளைகள் "டீச்சர் எங்க" என்று கேட்கிறார்களாம்.

மெர்சி இன்றும் வரவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. விபத்தன்று ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு சரி. அவளுக்கு நெற்றியில் தையல் மட்டும். என் காலைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் ஆளே இல்லை.

ஜூலை 16, புதன்

நல்ல வெயில். கேஸ் புக் பண்ண வேண்டும் (மறக்கக் கூடாது).

ரம்யா ஹாஸ்டலிலிருந்து போன். "நான் வந்துர்றேம்மா, காலேஜ் வேணாம்." திட்டி வைத்தேன். வைத்த பிறகு அழுகை.

அவளை ஏனாத்தூர் ஹாஸ்டலில் விட்டுத் திரும்பும்போதுதான் இது நடந்தது. பெட்டி, பாய், பக்கெட் எல்லாவற்றோடும் பஸ்ஸில் போகத்தான் கிளம்பினோம். மெர்சி விடவில்லை. "பஸ்ல இதெல்லாம் தூக்கிக்கினு போவியா? நான் இன்னாத்துக்கு கீறேன்?" கார் அவள் பேரில். குவைத்தில் இருக்கும் அவள் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது. நன்றாகத்தான் ஓட்டுவாள்.

மாகறல் பக்கம் ஒரு வளைவு. அவள் போன் அடித்துக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். சிறுபாலத்துச் சுவர். வேறு வண்டி எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது, நாய் குறுக்கே வந்தது என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது அதுதான். மெர்சியை யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "இனிமே அவ மூஞ்சில முழிக்காதே" என்கிறார்.

ஜூலை 19, சனி

மதியம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். யார் சொல்லி வந்தார் என்று தெரியவில்லை. விபத்துக் கேஸ் எல்லாம் முடித்துக் கொடுப்பாராம்.

"கையெழுத்து மட்டும் போடும்மா. எதிர்ல லாரி வந்து இடிச்சிச்சின்னு எழுதிக்கலாம். லாரி நம்பர நாங்க பாத்துக்கறோம்."

என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "இல்லாத லாரியா? எழுந்து போய்யா மொதல்ல!"

அந்த ஆள் போன பிறகு வெகு நேரம் படுத்தபடி யோசித்தேன். இல்லாத லாரி என்றதும் கோபம் வருகிறது. நான் சொன்னது இல்லாத நாய்.

ரசத்தில் உப்பு இல்லை. அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 23, புதன்

புழுக்கம். அவர் உத்திரமேரூர் கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனார். பெண்களுக்கு வக்கீல் ஃபீஸ் இல்லையாம். அங்கே ஒரு வக்கீலம்மா. சின்ன வயசுக் குரல். அங்கிருந்து இவர் போன் பண்ணி ஸ்பீக்கரில் போட, நான் கட்டிலிலிருந்தே பேசினேன். சொன்னவை, மறப்பதற்குள்:

காரில் சும்மா உட்கார்ந்து போனவருக்கும் இழப்பீடு கேட்க உரிமை உண்டு.

ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டுவிட வேண்டும்.

எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்து பில், ஆட்டோ செலவு, எதையும் தூக்கிப் போடாதே. கால் ஆறின பிறகு மெடிக்கல் போர்டில் ஊனச் சான்று.

"எல்லாம் முடிந்தது" என்று யார் பேப்பர் நீட்டினாலும் கேட்காமல் கையெழுத்துப் போடாதே.

காரின் பாலிசி எது என்று பார். வெறும் தேர்டு பார்ட்டி என்றால் உள்ளே இருந்தவருக்கு அதில் வராது, காரின் ஓனர்தான் கொடுக்க வேண்டியிருக்கும். பேக்கேஜ் பாலிசி என்றால் கம்பெனி கொடுக்கும்.

"கேஸ் யார் மேல மேடம்?" என்று கேட்டேன்.

"வண்டி ஓட்டினவங்க, ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி."

"ஓட்டினதும் ஓனரும் ஒருத்திதான். என் சினேகிதி."

நிதானமாகச் சொன்னார்: "அப்போ அவங்கதான் முதல் எதிர்மனுதாரர். இன்னொண்ணும் சொல்றேன். போலீஸ்ல எழுதியிருக்கற மாதிரி நாய் வந்துச்சின்னா அவங்க மேல தப்பில்ல. ஓட்டினவங்க மேல தப்பில்லன்னா இந்த மனு நிக்கறது கஷ்டம்."

"அப்ப வேணாம் மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். கம்பி எடுக்க இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது. தரையில் உட்கார முடியாத டீச்சர் அங்கன்வாடியில் என்ன செய்வாள். எல்லாம் தெரியும். இருந்தாலும் மெர்சி மேல் கேஸா.

ஜூலை 26, சனி

மெர்சி வந்தாள்.

வாசலிலேயே நின்றாள். கூப்பிட்ட பிறகுதான் உள்ளே. நெற்றியில் தையல் பிரித்த கோடு. ஆள் பாதியாகி இருக்கிறாள்.

"ஏண்டி வரல?"

"உன் கால பாக்கற தெம்பு இல்ல செல்வி."

அப்புறம் மூச்சு விடாமல் சொன்னாள். இவர் அவள் வீட்டுக்குப் போய் பாலிசி பேப்பரைக் கேட்டிருக்கிறார். (என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.) "அண்ணன் திட்டல. திட்டியிருந்தா கூட தேவல. பேப்பர பாத்துட்டு, சாப்டியாம்மான்னு கேட்டுட்டு போய்ட்டாரு. அதான் என்னால தாங்க முடில."

நேற்று அவளே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். "நாயும் இல்ல ஒண்ணும் இல்ல, போன் எடுக்கக் குனிஞ்சேன்னு சொல்லி எழுதிக் குட்த்துட்டேன்."

"உன்ன யாருடி சொல்லச் சொன்னது? கேஸ் உன் மேல வருமே!"

"வரட்டும். கால் ஒட்ச்சது நானு. நீ இன்னாத்துக்கு நாயத் தேடினுகீறே?"

அழ வேண்டிய இடத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுதோம்.

பாலிசி பேக்கேஜ்தானாம். அவள் வீட்டுக்காரர் அங்கிருந்தே சொல்லிச் சொல்லிப் போட வைத்தது.

போகும் முன் என் தலையைப் பார்த்து, "இன்னா இது, கூடு கட்டி வெச்சிகீறே" என்று எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். அவர் டீ போட்டு மெர்சிக்கும் சேர்த்துக் கொண்டுவந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவளுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தார்.

நாளை நானும் உண்மையை எழுதிக் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

மழை விட்டு விட்டு. மனுப் போட்டாயிற்று.

வக்கீலம்மா வாசித்துக் காட்டினார். முதல் எதிர்மனுதாரர் என்று அவள் பெயர். மெர்சி அபராதம் கட்டிவிட்டாள். லைசென்ஸும் கொஞ்ச காலத்துக்கு இல்லை. "நிம்மதியா கீது" என்கிறாள். நம்பலாமா தெரியவில்லை.

வக்கீலம்மா எச்சரிக்கை: "ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துட்டாங்கன்னு இன்சூரன்ஸ்காரங்க சொல்லுவாங்க. கோர்ட்டுல ஒட்டிக்கிட்டு உக்காராதீங்க."

கைத்தடியோடு அங்கன்வாடி போகிறேன். நாற்காலியில்தான். பிள்ளைகள் கைத்தடிக்கு முறை போட்டுக் கொண்டிருக்கிறார்கள். யார் எடுத்துத் தருவது என்று சண்டை.

பிப்ரவரி 12, வியாழன்

பனி. காஞ்சிபுரம் கோர்ட். இன்று என் சாட்சி. அவரும் லீவு போட்டுவிட்டு வந்தார்.

மெர்சி வராண்டாவின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். வக்கீலம்மா சொன்னபடி. அவள் பக்கம் பார்க்காமல் இருப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

உள்ளே இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார்: "மொதல்ல நாய்னு சொன்னீங்க. இப்ப பணத்துக்காக மாத்திச் சொல்றீங்க. சரிதானே?"

"மொதல்ல சொன்னது பொய்ங்க. அவள ஏதாவது பண்ணிடுவாங்கன்னு பயந்து சொல்லிட்டேன். இது நடந்தது."

"முதல் எதிர்மனுதாரர் உங்க நெருங்கின தோழி. இல்லையா?"

"ஆமாங்க. தோழின்னுதாங்க அவ வண்டியில ஏறுனேன்."

கைத்தடி மேல் சாய்ந்துகொண்டேன். ஜட்ஜ் உட்காரச் சொன்னார்.

வெளியே வந்ததும் இன்சூரன்ஸ் வக்கீலே வக்கீலம்மாவிடம் வந்தாராம். மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்துக்கொள்ளலாமா என்று. "வரப்போற ஆபரேஷனையும் சேர்த்துத்தான் பேசுவேன்னு சொல்லிட்டேன்" என்றார் வக்கீலம்மா. முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு.

வராண்டாவிலிருந்து இறங்கும் படியில் கைப்பிடி இல்லை. நான் தயங்குவதற்குள் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்துவிட்டாள் மெர்சி. "போடி, பாக்கறாங்க" என்றேன். "பாத்துட்டு போவட்டும்" என்றாள்.

பஸ்ஸில் அவர் முன் சீட்டில் தூங்கிவிட்டார். நாங்கள் பின்னால்.

"லைசென்ஸ் வந்துச்சி. ஆனா வண்டிய வித்துரலாம்னு கீறேன்" என்றாள் மெர்சி. "அதப் பாத்தாலே பயமா கீது."

"வித்துட்டா ஆபரேஷனுக்கு என்ன யாரு கூட்டிக்கினு போறது?"

என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.