‘மூணாந்தடவை’ என்ற பெயரில் வந்த தம்பி

அன்பு மகள் யூச்சிங்குக்கு,

சிகோங்கிலிருந்து அம்மா எழுதுகிறேன். இங்கே நான் மூன்று வேளையும் சாப்பிட்டு, மாத்திரையை விழுங்கி, நாலு மாடி ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே நீயும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இருக்கிறாயா என்று போனில் கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பூனைப் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுவாய், நானும் ரோஜாப் பூவின் மேல் ‘காலை வணக்கம்’ என்று எழுதின படத்தை அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன், பூனையும் ரோஜாவுமாகவே நம் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். சாசேஜ் பொட்டலத்துக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். முதலில் சாசேஜை ஃப்ரிட்ஜில் வை, அப்புறம் உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

உன் அத்தை சுன்லானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளே உனக்கு வீடியோ அனுப்பிவிடுவாள். ஆற்றங்கரை மைதானத்தில் கூட்டத்தோடு ஆடினது போதாதென்று இப்போது வீட்டுக் கூடத்தில் சோபாவை ஓரம் தள்ளிவிட்டுத் தனியாக ஆடி நேரலையில் போடுகிறாள், பார்க்கிறதே பத்துப் பேர், அதில் நானும் ஒருத்தி. “ஏன் அண்ணி, ஒரு ஹார்ட் போடக்கூட உங்களுக்குக் கை வரமாட்டேங்குதா?” என்று வாசலில் நின்று சண்டைக்கு வருகிறாள். எதிர்வீட்டு பெங் மாமாவுக்கோ போனில் வருகிற குட்டி நாடகப் பைத்தியம் முற்றிவிட்டது, ஒரு நிமிஷத்துக்கு ஒரு பாகம், கூட்டித் துடைக்கிறவன் கடைசியில் பார்த்தால் கம்பெனி முதலாளியாம், அதைப் பார்த்து அந்த மனுஷர் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுகிறார், மாமி கறிகாய் நறுக்கிக்கொண்டே, “எங்கம்மா செத்தப்ப இதுல பாதி அழுதிருப்பாரா கேளு” என்கிறாள். என்னோடு மேசை போட்டு மாஜாங் காய் ஆடுகிற மூன்று பேரும் அவரவர் வீட்டிலேயே உட்கார்ந்து போனில் ஆடுகிறார்கள். எதிரே ஆள் இல்லாமல் யாரைத் திட்டி ஆடுவது, எனக்கு அது ஒத்துவரவில்லை. முன்னெல்லாம் இவர்கள் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டுவேன், வேறு வேலை வெட்டி இல்லையா, கண் அவிந்து போகப் போகிறது என்று. இப்போது திட்டுவதில்லை. எட்டு மாதமாக நானும் உன் அப்பாவும் செய்துகொண்டிருந்ததை அவர்களிடம் சொன்னால் காறித் துப்புவார்கள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். நீ வேலையில் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். போன வருஷம் கோடைக்காலத்திலிருந்தே தெரியும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு அவருக்கு டிவி சத்தம் ஆகவில்லை, நாற்காலியில் சாய்ந்து இடது கையால் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் காலை அந்தப் போனே ஒன்றைக் கொண்டுவந்து நீட்டியது, ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம், உங்கள் தொடர்பு எண்களில் உள்ளவர்’ என்று. கண்ட இடத்தில் நம்பரைக் கொடுக்காதீங்க, ஏமாத்திடுவாங்க என்று எங்களுக்குப் பாடம் எடுத்த புத்திசாலியே, நீ அதே நம்பரைக் கொடுத்துத்தான் அந்த நேரலை ஆப்பில் சேர்ந்திருக்கிறாய். திரையில் ஒரு மேசை, புத்தகம், இரண்டு கை. முகம் கிடையாது, பேச்சு கிடையாது, பேனா ஓடுகிறது, பக்கம் புரள்கிறது. இப்படி ஒருத்தர் படிப்பதை நேரலையில் வைத்தால் ஊர் ஊராக உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள் துணைக்கு வந்து சேருவார்களாம், அதெல்லாம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டு, “இந்த மணிக்கட்டைப் பாரு” என்றார். மேசையில் கொதித்த ஹாட்பாட் சட்டி கவிழ்ந்து உனக்குச் சுட்ட தழும்பு. வாரநாள், ஆபீஸ் நேரம். “லீவு போட்டிருப்பா” என்றேன் நான். மறுநாளும் அதே மேசை. அதற்கு மறுநாளும். நடுவில் ஓய்வு நேரத்தில் நீ பேசினாய், கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள், அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறேன், வீட்டில் தெரியாது என்று. எங்கள் கண் முன்னாலேயே ‘வீட்டில் தெரியாது’ என்றாய். உடனே போன் போடப் போனேன், அப்பா விடவில்லை. “நாம கவலைப்படக் கூடாதுன்னுதான் அவ பொய் சொல்றா. இப்ப போய் எங்களுக்குத் தெரியும்னா, அவளுக்கு அந்தத் தெம்பும் போயிடும். பரீட்சை முடியட்டும், அவளே சொல்லுவா. நீ வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு” என்றார். நான் சும்மா இருக்கிறவளா? ஆனாலும் இருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உன் மேசைதான் கடிகாரம். நீ விளக்கைப் போட்டு உட்காரும்போது அப்பா நாற்காலியில் உட்காருவார், டாக்டர் சொன்னபடி வராத வலது கையால் சோயா மொச்சையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குப் பொறுக்கிப் போடுவார். மற்ற நேரம் அந்தப் பயிற்சியைச் செய்யச் சொன்னால் கிண்ணத்தைத் தள்ளிவிடுகிற மனுஷர், உன் எதிரில் மட்டும் ஒழுங்குப் பிள்ளையாகச் செய்வார். நீ டப்பா நூடுல்ஸைத் திறந்தால் எனக்குச் சோறு இறங்காது. நீ இருமினால் அப்பா என்னைப் பார்ப்பார், நான் மதியம் குடும்பக் குழுவில் பேரிக்காய் வேகவைத்துக் குடிக்கச் சொல்கிற வீடியோவைப் போடுவேன். ஊர்ப்பட்ட வைத்திய வீடியோவையெல்லாம் அம்மா ஏன்தான் அனுப்புகிறாளோ என்று நீ அலுத்துக்கொண்டிருப்பாய். உன்னோடு படிக்கிற பிள்ளைகள் எல்லாம் ‘இந்த வருஷம் கட்டாயம்’, ‘ரெண்டாம் முறை’ என்று பெயர் வைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து, அப்பாவும் தனக்கு ஒன்று வைத்துக்கொண்டார். ஆமாம் யூச்சிங், அந்த ‘மூணாந்தடவை’ உன் அப்பாதான். தினமும் காலையில் ‘வந்தாச்சு’ என்று ஒரே ஒரு வார்த்தை போடுவானே, வேறு எதுவும் பேசமாட்டானே, அவர்தான். அந்த ஒரு வார்த்தையை இடது கையால் அடித்து முடிப்பதற்குள் எனக்குப் பால் பொங்கிவிடும், நான் அடிக்கிறேன் கொடுங்கள் என்றால் தரமாட்டார். ஒருநாள் நீ, “மூணாந்தடவைத் தம்பி, சாப்பிட்டியாடா? ரெண்டு தடவை தோத்தா என்ன, மனசை விட்டுடாத” என்றாய். உன் அப்பா சிரித்த சிரிப்பில் கிண்ணம் கவிழ்ந்து மொச்சை வீடு முழுக்க உருண்டது. “எம் பொண்ணு என்னைத் தம்பிங்கறா, கேட்டியா? சாப்பிட்டியான்னு கேக்கறா!” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் நான் கட்டிலுக்கு அடியில் மொச்சை பொறுக்கும்போது பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் போன அன்றும் காலையில் ‘வந்தாச்சு’ போட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவருக்கு வாய் கோணிப் போய்விட்டது. பெங் மாமாதான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, கீழே வரை தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டினதும் உனக்குச் சொல்ல என் போனை எடுத்தேன். அப்பாவின் போன் என் மடியில் கிடந்தது, அதை யாரும் அணைக்கவில்லை, அதில் நீ படித்துக்கொண்டிருந்தாய். நான் போட்ட மணி உன் மேசையில் கிடந்த இன்னொரு போனில் அடிப்பதைப் பார்த்தேன். உன் கை பேனாவை வைத்துவிட்டு நீண்டது. “மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடட்டுமா?” என்றாய். நான் சொன்னேன். உன் இன்னொரு கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது, பிடித்தபடியே இருந்தது, அந்தக் கையை எட்டிப் பிடிக்க எனக்கு வழி இல்லை. எந்தத் தாய்க்கும் அப்படி ஒரு காட்சி வேண்டாம். காரியத்துக்கு வந்தபோதும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையில் கட்டின துக்க வெள்ளைத் துணியை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டு மூன்று நாளும் குனிந்தே இருந்தாய், ஆபீஸில் அதற்கு மேல் லீவு இல்லை என்றாய். கிளம்புவதற்கு முன்னால் அப்பா படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி மண்டியிட்டு, “அப்பா, எனக்கு ப்ரமோஷன் கெடச்சிருக்குப்பா” என்று மெல்லச் சொன்னாய். பின்னால் நின்ற அத்தை, “அண்ணனுக்கு இதைக் காதால கேக்கக் குடுத்து வைக்கலையே” என்று ஓவென்று அழுதாள். என் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை பேர் நடுவில் உன்னை எப்படிக் காட்டிக்கொடுப்பேன்?

நீ திரும்பிப் போய் மறுபடி மேசையில் உட்கார்ந்ததும் நானும் அப்பா போனை எடுத்து வைத்துக்கொண்டேன். இந்த வீட்டில் வேறு என்ன இருக்கிறது எனக்கு? ஆனால் நீ ஒவ்வொரு நாளும் ஓய்வு நேரத்தில், “மூணாந்தடவைத் தம்பி வரலையா? யாருக்காவது அவனைத் தெரியுமா?” என்று கேட்க ஆரம்பித்தாய். வேறு ஒரு பிள்ளை, அவன் படிப்பை விட்டிருப்பான் அக்கா என்றது. “அவன் விடமாட்டான்” என்றாய். போன வாரம் நீ அதைக் கேட்டபோது உன் குரல் உடைந்திருந்தது, எனக்குப் பொறுக்கவில்லை, என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலேயே ‘வந்தாச்சு’ என்று போட்டுவிட்டேன். உன் இரண்டு கையும் அப்படியே நின்றன. பிறகு கைதட்டினாய். “வந்துட்டியாடா! பயந்தே போயிட்டேன். உனக்கு எதாவது ஆயிடுச்சோன்னு நெனச்சேன்” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாய். அப்புறம், “எங்க அப்பா எறந்துட்டாருடா தம்பி. கடைசி வரைக்கும் அவர்கிட்ட பொய் சொல்லிட்டேன். பொய்யை நம்பிக்கிட்டே போயிட்டாரு. இனிமே நான் பாஸ் பண்ணி என்ன ஆகப்போகுது?” என்றாய். என்னிடம் சொல்லாததை அவரிடமே சொன்னாய், அதைக் கேட்க அவர் இல்லை, கேட்டது நான். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நான் அழுதது எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

அந்தத் தம்பியாகவே நான் தொடர்ந்து வந்துகொண்டிருக்கலாம். அத்தைக்குக்கூடத் தெரியவராது, நீயும் தைரியமாகப் படிப்பாய். ஆனால் செத்துப்போன மனுஷரின் விரலாக நான் எத்தனை நாள் இருக்க முடியும், சொல். அதனால் அன்றைக்கு நீ கேட்டதற்குப் பதில் இது. உன் அப்பா ஏமாந்து போகவில்லை. தெரிந்தேதான் போனார். உன் மேல் அவருக்கு வருத்தம் எள்ளளவும் கிடையாது. வருஷப் பிறப்பன்று நீ வேலை இருக்கிறது என்று சொல்லி வராமல் அந்த மேசையிலேயே உட்கார்ந்து உறைந்த டம்ப்ளிங் கொழுக்கட்டையை வேகவைத்துச் சாப்பிட்டாயே, அன்றைக்கு நான் அழுதபோது, “அழுவாத. அவ ஆபீசுக்குப் போயிக்கிட்டிருந்தா வருசத்துக்கு ஒரு தடவை பாத்திருப்போம். இப்ப தெனம் தெனம் பாக்கறேன். எந்த அப்பனுக்குக் கெடைக்கும்?” என்றார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு எனக்கு ஏன் இத்தனை நாள் ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். பயம்தான். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் உனக்குக் கூச்சம் வரும், கோபமும் வரும், அந்த நேரலையை நிறுத்திவிடுவாய் அல்லது என்னைத் தடுத்துவிடுவாய். அதற்குப் பிறகு எனக்குப் பூனைப் படம்தான் மிச்சம். இருந்தாலும் அப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்கிற பாரத்தோடு நீ அந்த மேசையில் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பரீட்சையில் தேறினாலும் சரி, தேறாவிட்டாலும் சரி, நீ எங்கள் பெண், உனக்கு ஒரு குறையும் வராது, நல்ல மனசும் நல்ல உடம்புமாக நெடுநாள் இருக்க வேண்டும் என்று அப்பாவின் படத்துக்கு முன்னால் தினமும் கேட்டுக்கொள்கிறேன். சாசேஜைப் பொரிக்காதே, உனக்கு இருமல் இன்னும் விடவில்லை, சோற்றின் மேல் வைத்து ஆவியில் வேகவிடு. கம்பளிச் சட்டையின் இடது கை கிழிந்திருக்கிறது, தைத்துப் போட்டுக்கொள்.

நிறுத்துவதானால் நிறுத்திக்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நிறுத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை படம் பிடிக்கிற அந்தப் போனைக் கொஞ்சம் மேலே தூக்கி வை. உன் முகத்தைப் பார்த்துவிட்டு நானே வெளியே போய்விடுகிறேன்.

உன் அம்மா,
சூஃபன்