நான் அழித்த ஹேஷ் வரிகள்

நாலு மாதம் மூத்தவள் என்று அக்கா பட்டம் கேட்டு, கடைசிவரை அதை என்னிடம் வாங்காமலே போன ரஹீமாவுக்கு,

இன்று காலை பல்கூடத் தேய்க்காமல் முதலில் உன் பென்டிரைவைக் கணினியில் செருகினேன். நீ போன நாளிலிருந்து அது என் இழுப்பறையில்தான் கிடந்தது. உன் மார்க் ஃபைலைத் திறந்தேன். நான் தேடிய வரி இருந்தது. இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் தேடினேன்.

துறையில் எல்லோரும் எக்செல்லில் மார்க் போட, நீ மட்டும் வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் நெடுக்குக் கோடு போட்டுப் பட்டியல் கட்டினாய். டேப் தட்டினால் கோணலாகக் கிடந்த கட்டங்கள் நேராகிவிடும். கீழே ஒரு வரிச் சூத்திரம். மொத்தம் தானாக வந்து விழும்.

"என்னடி, பாவு போட்டுக்கினு இருக்கியா?" என்று கேலி செய்தேன், நெசவு வீட்டில் பிறந்தவள் நான்.

"பாவுல ஒரு இழை அறுந்தா உங்கப்பாவுக்குத் தெரியும்ல? அப்படித்தான். இதுல ஒரு மார்க் மாறினா எனக்குத் தெரியும்."

தமிழில் பெயர் எழுதினால் மட்டும் உன் கோடுகள் கோணிக்கொள்ளும். அதனால் பட்டியலுக்குள் பதிவெண்ணும் மார்க்கும்தான். பெயர், மறுதேர்வு, இன்னும் சேர்க்க வேண்டியது எல்லாம் பட்டியலுக்குக் கீழே, முன்னால் ஹேஷ் குறி போட்ட தமிழ் வரிகளில் இருக்கும். ஹேஷ் போட்ட வரியைக் கணக்கு தொடாது. உன் ஞாபகத்துக்கு நீ எழுதிக்கொள்வது என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று உன் மகள் ஆயிஷாவிடம் இந்தப் பென்டிரைவைக் கொடுத்தனுப்பினாய். "ஏத்திடுடி. கீழ இருக்கறதையும் படி" என்று போனில் சொன்னாய். உனக்கு மூச்சு வாங்கியது. நான் படிக்கவில்லை, ரஹீமா. ஃபைலை என் கணினியில் பிரதி எடுத்தேன். அலுவலகத்துக்குச் சுத்தமாகப் போகட்டும் என்று ஹேஷ் வரிகளை மொத்தமாக அழித்தேன். பட்டியலை மட்டும் ஏற்றினேன்.

போன வாரம் காமாட்சி வந்தாள். நம் ஊரில் வகுப்புக்கு நாலு காமாட்சி. இவள் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள். எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் உன் பாடத்தில் இன்டர்னல் பெயில்.

"நான் ரீடெஸ்ட் எழுதினேன் மேம். ரஹீமா மேம் வீட்டாண்ட போய்தான் எழுதினேன். படுத்துக்கினே திருத்துனாங்க. இருபத்தொண்ணு போட்டாங்க."

"பேப்பர் எங்கம்மா?"

"அவங்களே வாங்கி வச்சிக்கினாங்க மேம்."

துறைத்தலைவர் உடனே வழி சொன்னார். "ரஹீமா மேடம் உடம்பு முடியாத நேரத்துல ஏத்தாம விட்டுட்டாங்கன்னு லெட்டர் குடுத்துடலாம். பொண்ணுக்கு மார்க் கெடைச்சிடும். போனவங்களுக்கு யாரு மேடம் மெமோ குடுக்கப் போறா?"

நான் தலையாட்டினேன். கடிதம் தட்டச்சாகி என் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. இன்று மதியத்துக்குள் போக வேண்டும். காமாட்சிக்கு எப்படியும் மார்க் வந்துவிடும் என்றால் யாருக்கு என்ன நஷ்டம்? இந்தக் கேள்வியோடு இரண்டு நாள் சாப்பிட்டேன், பாடம் நடத்தினேன்.

நேற்று ஆயிஷா ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். நம் கல்லூரியிலேயே முதலாமாண்டு சேர்ந்திருக்கிறாள். உன் நாற்காலிப் பக்கம் பார்க்காமல் என்னிடம் வந்தாள். உங்கள் வீட்டில் சின்னம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி, இன்னும் என்னைக் காலா என்றுதான் கூப்பிடுகிறாள்; நீ அவளுக்கு அம்மி.

"காலா, அம்மி ஒரு அக்காவோட மார்க்கை விட்டுட்டாங்களாமே. கிளாஸ்ல பேசிக்கறாங்க. அம்மி அப்படி விட மாட்டாங்கதானே?"

"பாக்கலாம்மா," என்றேன்.

இன்று காலை திரையில் உன் வரி இப்படி இருந்தது:

# காமாட்சி, ஐயம்பேட்டை. ரீடெஸ்ட் 21. சுமதி, மறக்காம சேத்துடு.

என் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறாய். அந்த உடம்போடு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அவசரத்தில், எனக்கு எழுதியிருக்கிறாய். நான் அதைக் குப்பை என்று நினைத்தேன்.

என் பதவி உயர்வுக் கோப்பு மேலே போயிருக்கிற நேரம் இது. மெமோ வந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். அது எனக்கு வேண்டாத பதவி என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை; உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். அந்தத் தட்டச்சுக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். வேறொன்றை என் கையாலேயே எழுதிவிட்டேன்: குறித்து வைத்தவர் ரஹீமா, அழித்தவர் சுமதி. உன் வரியை ஹேஷ் குறியோடு அப்படியே அச்செடுத்து இணைத்திருக்கிறேன்.

துறைத்தலைவர் அறைக்குப் போவதற்கு முன்னால் ஆயிஷாவின் வகுப்பு வாசலுக்குப் போவேன். அவள் அம்மா எதையும் விடவில்லை என்பதை, விட்டவள் வாயாலேயே அவள் முதலில் கேட்கட்டும்.

நாலு மாதம் இளைய உன் தங்கை,
சுமதி