பிடுங்கினால் இலவசம்

மே 6

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். நான் பயப்படுவது அம்மாவுக்குத் தெரியக்கூடாது.

அவளுடைய முன்பல் வேரில் சீழ். கன்னம் பன் மாதிரி வீங்கியிருக்கிறது. வேரைச் சுத்தம் செய்தால் பல் பிழைக்குமாம். ஏழைகளுக்கான மாநிலக் காப்பீடு அந்தச் செலவை ஏற்கும். ஆனால் அந்தக் காப்பீட்டை ஏற்கிற ஒரே பல் டாக்டர் ஜூலை 9-க்குத்தான் நேரம் கொடுத்திருக்கிறார். அதுவரை மாத்திரை.

மே 11

மாநில அரசு இந்தக் காப்பீட்டுத் திட்டத்தைத் திருத்தப்போகிறது. ஜூலை 1 முதல் பெரியவர்களுக்குப் பல் பிடுங்க மட்டும்தான் காப்பீடு காசு கொடுக்கும், காப்பாற்றக் கொடுக்காது. செய்தித்தாளில் பழைய டிராக்டர் விளம்பரத்துக்குக் கீழே அறிவிப்பு. ‘பொதுமக்கள் கருத்து வரவேற்கப்படுகிறது.’ எவ்வளவு மரியாதை!

மே 20

கருத்துக் கேட்புக் கூட்டம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, எல்லாரும் வேலையில் இருக்கும்போது. அம்மா ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனாள். நான் பள்ளிக்கு மட்டம். மேடையில் மூன்று அதிகாரிகள். மூவருக்கும் முத்து முத்தாகப் பற்கள். பேச ஆளுக்கு இரண்டு நிமிடம். அம்மா எழுந்தாள்.

“வலி உயிர் போகுது சார். ஆனா பிடுங்கிடாதீங்க. முன்பல் போச்சுன்னா ஹோட்டல்ல பரிமாற விடமாட்டாங்க. பாத்திரம் தேய்க்கத்தான் அனுப்புவாங்க.”

மணி அடித்தது.

“உங்க கருத்துக்கு நன்றிம்மா.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“இது கேக்குற கூட்டம்மா. பதில் சொல்ற கூட்டம் இல்ல.”

காரில் அம்மா சொன்னாள்: “மூணு பேரும் என் வாயையே பாத்தாங்கடி. பல் டாக்டருங்க போலன்னு நெனச்சிட்டேன்.”

ஜூன் 2

அம்மாவுக்குக் காய்ச்சல். சீழ் ரத்தத்தில் கலந்தால்? — எழுதமாட்டேன்.

ஜூன் 24

திருத்தத்துக்கு வாஷிங்டனில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது. மக்கள் கருத்தை ஏற்று ஒரு மாற்றமும் செய்திருக்கிறார்களாம். முதலில் வருடத்துக்கு இரண்டு பல்தான் பிடுங்கலாம் என்றிருந்தது. ‘பல்வலியால் அவதிப்படுவோர் நேரில் வந்து முறையிட்டதால்’ இப்போது வரம்பே இல்லை. முறையிட்டது யார்? எங்கம்மாதான்! பிடுங்காதீங்கன்னுதானே கெஞ்சினா? காதுல என்ன, பஞ்சா வச்சிருந்தாங்க?

ஜூலை 9

“போன மாசம் வந்திருந்தா பல்லக் காப்பாத்தியிருக்கலாம், லவர்ன்,” என்றார் டாக்டர் அம்மாவிடம்.

“இன்னிக்கு வரச் சொன்னதே நீங்கதானே டாக்டர்?”

பிடுங்கினார். காய்ச்சல் இறங்கிவிட்டது. அது போதும். போதும்தானே?

ஜூலை 15

ஹோட்டல்காரர் ஹாஸ்கல் ரொம்பத் தன்மையாகச் சொன்னாராம்: “கொஞ்ச நாள் பின்பக்கம் இரும்மா. முன்னாடி ஜனங்க சாப்பிடுறாங்கல்ல.”

அம்மாவின் கையில் இப்போது சோப்பு வாசனை.

ஆகஸ்ட் 3

எனக்கு வயது பதினான்கு. இருபத்தொன்று வரை என் பற்களுக்கு எல்லா வைத்தியமும் உண்டு. அதற்குப் பிறகு அவை அரசுக்குப் பிடிக்காமல் போய்விடும்.

இன்று அம்மா என்னைச் சமையலறை விளக்கடியில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“எல்லாம் இருக்குடி,” என்றாள்.

சிரித்தாள், உதட்டைத் திறக்காமல்.