கிணற்றுக் கயிறும் கடலும்

ஜன. 17. சதுரங்கப்பட்டினம். காணும் பொங்கல்.

விடிந்ததிலிருந்து உப்புக் காற்று. துவைத்துப் போட்ட வேட்டி காயவில்லை, பிசுபிசுப்பு.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வெளியே சொல்ல ஆள் இல்லை, இந்த டைரியிலாவது சொல்லித் தொலைக்கிறேன். எனக்குச் சம்பந்தம் என்கிற ஆளைப் பிடிக்கவில்லை. முப்பது வருட சிநேகிதம், ஒரே பெஞ்சு, ஒரே பஸ். இருந்தும் பிடிக்கவில்லை. (இனி ச. போதும். முழுப் பேர் எழுதக் கை வரவில்லை.)

இரண்டு குடும்பமும் மூன்று நாள் கடற்கரையில். ஏற்பாடு அவனுடையது. வேன் அவனுடையது. வீடு அவன் மச்சானுடையது. நான் வெறும் விருந்தாளி.

கொண்டுவந்தவை: புளிச்சோறு ஒரு குண்டான், கரும்பு, பனங்கிழங்கு, டிரான்சிஸ்டர், பாய்கள், பிள்ளைகள் மூன்று. ரவியும் சாந்தியும் அவனுக்கு. மாலா எனக்கு. ஆறு வயது, காலம் கடந்து பிறந்த ஒரே மகள். அப்புறம் அவனுடைய கிணற்றுக் கயிறு.

கயிறு எதற்கு என்றேன்.

"இன்னா வாத்தியாரே இப்டி கேக்கற? தண்ணின்னா கயிறு வேணாவா?"

ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவது அவன்தான். அதில் குறை சொல்ல முடியாது. பிள்ளையின் இடுப்பில் கயிறு, கிணற்று மேட்டில் அவன். உதைத்தால் தளர்த்துவான், முழுகினால் ஒரே தூக்கு. உத்திரமேரூரில் பாதிப் பேர் அந்தக் கயிற்றில் நீந்தக் கற்றவர்கள்.

மாலையில் என் மனைவி கமலாவும் அவன் மனைவி சரோஜாவும் வாசலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு. வீட்டில் கமலா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. யாரைப் பற்றிச் சிரிப்பு?

ஜன. 18.

இட்லி. வெயில் ஏறியதும் கடல்.

 நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

ச. மூன்று பிள்ளைகளையும் ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டினான். ரவி அலைப் பக்கம், சாந்தி நடுவில், மாலா அவன் பக்கம். கயிற்று முனை அவன் கையில். முழங்கால் தண்ணீரில் கிணற்று மேட்டில் நிற்பதுபோல நின்றான்.

"வேணாம்பா, கையப் புடிச்சிக்கினா போதும்" என்றேன்.

"நீ கரையில குந்திக்கினு பேப்பர் படி வாத்தியாரே."

பெரிய அலை ஒன்று. ரவி விழுந்தான். அவன் இழுத்த இழுப்பில் சாந்தி, சாந்தி இழுத்ததில் மாலா. ச. பழக்கப்படி ஒரே இழுப்பு. கிணற்றில் இழுத்தால் பிள்ளை மேலே வரும். இங்கே மணலோடு தேய்ந்து அடியில் வந்தது. அலை பின்வாங்க, இவன் முன்னால் இழுக்க, நடுவில் முடிச்சு இறுகியது. மாலாவின் தலை தெரியவில்லை. ஒரு கால் மட்டும்.

ஓடினேன். அலையில் வேட்டி போய்விட்டது. "விடுடா கயித்த!" என்று கத்தினேன். அவன் காதில் விழவில்லை. விட்டால் பிள்ளை போய்விடும் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தான். முகம் வெளுத்துப்போய், அழுதுகொண்டே இழுத்தான். அதையும் எழுதுகிறேன்.

அறுத்தது கமலா. பனங்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த கத்தியோடு சேலையோடு உள்ளே பாய்ந்து, மாலாவின் இடுப்புக்கு முன்னால் அறுத்துத் தூக்கினாள். மற்ற இரண்டும் தானாகவே எழுந்து நின்றன.

மாலா வாந்தி எடுத்தாள். பிறகு கேட்டாள்: "என் செருப்பு எங்க?"

ஜன. 19. ஊர் திரும்பியாயிற்று.

 வேனில் டிரான்சிஸ்டர் மட்டும். மதுராந்தகம் தாண்டி ச. தொண்டையைச் செருமினான்: "கயிறு மட்டும் இல்லன்னா இன்னா ஆயிருக்கும்! நெனச்சாலே பேஜாராகீது."

வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை. நம்பித்தான் சொல்கிறான்.

மாலாவின் இடுப்பைச் சுற்றிச் சிவப்புத் தடம். தேங்காயெண்ணெய்.

ஜன. 21. பனி. சளி.

முடி வெட்டப் போனேன். கடையில் கதை எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

"சார், உங்க பொண்ணையும் சேத்து மூணையும் ஒரே இழுல கரை ஏத்திட்டாராமே நர்சரி தாளாளரு சம்பந்தம்? கயிறு கையில இருந்ததால பொழச்சிதாம்."

பெஞ்சிலிருந்து இன்னொருவர்: "அது கெடக்குது. சாரு வேட்டிய கடல் ராஜா வாங்கிக்கினாராமே, சீர் வரிசையா?"

கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அரைத் தலையோடு எழுந்து போக முடியாதே.

ஜன. 23.

அவனுடைய நர்சரிப் பள்ளியைத் தாண்டித்தான் தினமும் என் ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும். வாசலில் கல். தாளாளராக அவன் பேர், திறந்து வைத்தவர் பேர், கட்டிய மேஸ்திரி பேர். பாடத்திட்டம் எழுதியவன் நான். பள்ளிக்குப் பேர் வைத்ததும் நான். கல்லில் நான் இல்லை. அன்று கேட்டதற்கு, "எடம் பத்தல வாத்தியாரே." ஏழு வருடம். தினமும் இரண்டு முறை படிக்கிறேன்.

இன்று கல்லுக்குப் பக்கத்தில் கரும்பலகை. பிப்ரவரி முதல் ஞாயிறு பிள்ளைகள் கடற்கரை உல்லாசப் பயணம். கடைசி வரி: "தாளாளர் நேரடி மேற்பார்வையில் கயிற்றுப் பாதுகாப்புடன் கடல் குளியல்."

பலகைக்கு முன்னால் இரண்டு தாய்மார்.

"எங்க வூட்டுக்காரரு வேணாம்னாரு. கயிறு கட்டறாங்கன்னதும் சரின்னுட்டாரு."

"ஆமா, நம்ம சம்பந்தம் கையில குட்த்தா கவலயே இல்ல."

நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள். மணி அடித்து வகுப்பு ஆரம்பித்தும் எனக்குப் பாடம் ஓடவில்லை. நிலநடுக்கோட்டைப் பலகையில் வளைத்துப் போட்டேன். பையன்கள் சிரித்தார்கள்.

ஜன. 24.

அவன் ரைஸ் மில்லுக்குப் போனேன். தவிட்டுத் தூசி, இரைச்சல். கத்திப் பேச வேண்டியிருந்தது, ஆட்கள் எல்லாரும் கேட்டார்கள்.

"கயிறு வேணாம் ச—சம்பந்தம். கையப் புடிச்சி கால் நனைச்சிக் கூட்டிக்கினு வா. போதும்."

"உம் பொண்ணு உசுரோடதான கீது?"

"கமலா அறுத்ததால கீது."

"அறுக்காம வுட்டிருந்தா நானே தூக்கியிருப்பேன்." பிறகு குரலை இறக்கினான். "வாத்தியாரே, உனுக்கு இது கயிறு இல்ல. கல்லு. ஏழு வருசமா எரிஞ்சிக்கினு கீற. நானும் பாத்துக்கினுதான் கீறேன்."

 அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி இருப்பதாலேயே கயிறு பற்றிய மறுபாதியை எவனும் நம்ப மாட்டான்.

ஜன. 25. வயிறு சரியில்லை. மோர்.

கமலா, சரோஜாவிடம் பேசிவிட்டு வந்தாள்.

"அக்கா அழுவறாங்க. அவங்களுக்கும் தெரியும். 'அவரு கிட்ட யாரு வாயக் குடுக்கறது, அவங்க நைனா சொன்னாத்தான் கேப்பாரு'ன்னாங்க."

சரிதான். ச. இந்த உலகத்தில் பயப்படுவது சாலவாக்கத்தில் இருக்கும் அப்பாவுக்கு மட்டும். அவர் "வேணாம்" என்றால் இவன் வாய் திறக்க மாட்டான்.

"நேர்ல போய்ச் சொல்லுங்களேன்" என்றாள் கமலா.

"மில்லுல பேசினது அவருக்கு இதுக்குள்ள போயிருக்கும். வயித்தெரிச்சல் வாத்தியார் வந்துட்டான்னு மோர் குட்த்து அனுப்புவாரு."

"அப்ப எழுதுங்க. எழுதறதுதான உங்களுக்கு வரும்."

குத்தலா, யோசனையா, தெரியவில்லை.

ஜன. 27. ஞாயிறு.

காலையிலிருந்து எழுதினேன். கவர் கொள்ளாத அளவு. படித்துப் பார்த்தால் கடலே மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. முதல் இரண்டு பக்கம்: பாடத்திட்டம், கல், கல்லூரியில் என் நோட்டைப் பார்த்து அவன் எழுதியது, வேட்டி.

கமலா படித்தாள். "இத படிச்சா பெரியவரு உங்களத்தான் பாப்பாரு. கயித்தப் பாக்க மாட்டாரு." சமைக்கப் போய்விட்டாள்.

கிழித்தேன். மறுபடி எழுதினேன். கல் பற்றி ஒரு வரி தானாக வந்தது, அடித்தேன். வேட்டி தானாக வந்தது, அடித்தேன். மிஞ்சியது இவ்வளவு:

'ஐயா, கிணற்றில் கயிற்றை இழுத்தால் பிள்ளை மேலே வரும். கடலில் இழுத்தால் அடியில் வரும். ஒன்று விழுந்தால் மற்றதையும் சேர்த்து இழுக்கும். சதுரங்கப்பட்டினத்தில் அப்படித்தான் ஆயிற்று, உங்கள் மருமகளைக் கேளுங்கள். உங்கள் மகன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பிள்ளைகள் கடலைப் பார்க்கட்டும். கயிறு வீட்டிலேயே இருக்கட்டும்.'

பயந்துகொண்டுதான் எழுதுகிறேன். என் பேர் தெரிந்தால் சரோஜாவை அவன் நம் வீட்டுப் படி ஏற விட மாட்டான். கமலாவுக்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? மாலாவுக்கும் சாந்தியை விட்டால் விளையாட ஆள் இல்லை. உத்திரமேரூர் பெட்டியில் போட்டால் தபால்காரன் என் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவான், என்னிடம் படித்தவன். இடது கையால் படி எடுத்திருக்கிறேன். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல இருக்கிறது. பரவாயில்லை.

மாலா எட்டிப் பார்த்தாள். "அடில உங்க பேரு எழுதலயாப்பா? எங்க டீச்சர் திட்டுவாங்க."

"எடம் பத்தலம்மா" என்றேன்.

நாளை முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம். பஸ் ஸ்டாண்டுப் பெட்டியில் போடுகிறேன். பேர் இல்லாமல்.