தாண்டிப் படித்த சங்கீதம்

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்கச் சொன்னார் சித்தி. மூன்றாவதிலேயே எனக்குக் குமட்டிவிட்டது. கண்ணீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழி போடலாம், வாந்திக்கு என்ன சாக்குச் சொல்வது? முறத்தை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினேன். இன்னா பொண்ணு இது, வெங்காயத்துக்கெல்லாம் வாந்தி எடுக்குது என்று சித்தி உள்ளிருந்து அலுத்துக்கொண்டார். செங்கத்தில் யாருக்கும் காரணம் தெரியாது. உனக்குத் தெரியும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அந்த வித்தையை மலைமேல் நம் விடுதிக்குக் கொண்டுவந்ததே நான்தான். காலை ஆறு மணி ஜெபத்துக்கு டிமிக்கி கொடுக்க ஒரு வெங்காயத்தை வெட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டால் போதும், உடம்பு ஜுரமாய்க் கொதிக்கும் என்று ஆலங்காயத்தில் படித்தபோது கற்றுக்கொண்டேன். கொதித்ததோ இல்லையோ, வார்டன் நம்பினார். அது ஜெபக்கூடம் இல்லை, எனக்கு ஜெபக்கூடாது என்று சொல்லிக்கொண்டு போர்வைக்குள் கிடப்பேன். ஒரே மாதத்தில் விடுதியில் பாதிப் பேருக்கு ஜுரம். சமையல்கட்டில் வெங்காயக் கூடை காலியானதும்தான் வார்டனுக்குப் புத்தி வந்தது. அன்றிலிருந்து யார் ஜுரம் என்று போய் நின்றாலும், கையைத் தூக்கச் சொல்லி மோந்து பார்ப்பார். நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற ஊரில் அக்குளை மோந்து பார்த்த ஒரே விடுதி நம்முடையது.

நீ மட்டும் ஒரு நாளும் அந்தத் திருட்டு ஜுரத்தில் விழுந்ததில்லை. ஞானஸ்நானம் வாங்காதவள், சாமை விதைக்கிற வீட்டுப் பெண், ஆனால் ஜெபத்துக்கு முதல் ஆளாய் உட்கார்ந்திருப்பாய். பைபிளின் பின்னட்டையில் ஒட்டியிருந்த வாசிப்புப் பட்டியல்தான் உனக்கு எல்லாம். தேதிக்கு மூன்று பகுதி. யூதர்கள் தங்கள் ஜெப ஆலயத்தில் வாரவாரம் படித்துவருகிற மோசேயின் ஆகமங்களிலிருந்து ஒரு துண்டு, நடுவில் ஒரு சங்கீதம், கடைசியில் சுவிசேஷம். "யாத்திராகமம், லேவியராகமம், அப்புறம் சங்கீதம். ராகம் ரெண்டு கீது, பாட்டு ஒண்ணு கீது, தாளம் நான் போடட்டா?" என்று உன் காதில் கேட்டேன். நீ சிரித்துத் தொலைத்தாய். தண்டனையாக முட்டி போட்டது நீ மட்டும்.

முட்டி வலியோடு வந்து, சண்டைக்காரி மாதிரி எனக்கு விளக்கம் வேறு சொன்னாய். யூதர்களும் கிறிஸ்தவர்களும் பேச்சு நின்றுபோன ரெண்டு வீடு மாதிரி இருக்கிறார்கள், ஆனால் அழுவதற்கு மட்டும் ரெண்டு வீட்டுக்கும் ஒரே சங்கீதம்தான் என்றாய். எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. உன் பழக்கம் ஒன்றுதான் பிடித்திருந்தது. மூன்று பகுதியும் முடிந்ததும் சட்டென்று எழுந்திருக்க மாட்டாய். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சாமிக்குத் திருப்பி ஒரு வார்த்தை சொல்வாய். அது பாதி நாள் திட்டாகவே இருக்கும். மழை இல்லையென்றால் உன் அம்மா ஊர்ச்சாமியை நிற்கவைத்துத் திட்டுவாராமே, அதே வாய்.

வார்டனுக்கு அந்த வாய்தான் பிடிக்கவில்லை. அவருடைய ஜெபம் சர்க்கரைப் பொங்கல். பட்டியலில் சாபமோ புலம்பலோ வந்தால் தாண்டிவிட்டு, கர்த்தர் என் மேய்ப்பர், பசும்புல்லில் மேய்க்கிறார் என்று ஆறுதலாய்ப் போகிற மேய்ப்பன் சங்கீதத்துக்குப் போய்விடுவார். அதற்கு வார்டன் சங்கீதம் என்று பேர் வைத்தவள் நான். நீ ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாய். "அழுவுறத்தையும் அவுருதானே உள்ள வெச்சாரு. அத்த தாண்ட நாம யாரு?" வார்டன் உன்னை அதற்கப்புறம் கொஞ்சம் அதிகமாகக் கவனித்தார், அவ்வளவுதான்.

அந்தக் காலை. ஜெபக்கூடத்து வாசலில் வரிசையாக நிற்கிறோம். நீ வார்டனிடம் போய், முந்தின நாளிலிருந்து ஜுரம் அடிக்குது, தலை வெடிக்குது என்று சொன்னாய். அவர் கையைத் தூக்கச் சொன்னார். நடுங்கிக்கொண்டே தூக்கினாய். குனிந்து மோந்தார். "வாசனையத் தொடச்சிட்டு வந்தா தெரியாதா? உள்ள போடி, இன்னிக்கு வாசிப்பு நீதான்." வரிசை முழுக்கச் சிரித்தது. அதில் பெரிய சிரிப்பு என்னுடையது. இதை எழுதும்போது என் பல்லை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அன்றைக்கு நடுவில் வந்தது எண்பத்தெட்டாம் சங்கீதம். கடைசி வரி வரைக்கும் விடியாத ஒரே சங்கீதம் என்று நீயே எனக்குக் காட்டியிருக்கிறாய். பல் கிட்டிக்கொள்ள அதைப் படித்தாய். பாதியில் வார்டன் கையைக் காட்டி நிறுத்தினார், மேய்ப்பனைப் படி என்றார். படித்தாய். நடுங்கிக்கொண்டே பசும்புல்லையும் தண்ணீரையும் படித்தாய். மறுநாள் நீ பாயிலிருந்து எழவில்லை. மத்தியானம் ஜீப் பிடித்தார்கள். கீழே ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்புறம் ஆரம்பித்தது வார்டனின் சர்க்கரைப் பொங்கல். நீ பொறுமையின் சிகரமாம். வலியை யாரிடமும் சொல்லாமல் தாங்கினாயாம். விடுதிச் சுவரில் உன் படம், படத்துக்குக் கீழே 'அமைதியாய்த் துயில்கிறாள்'. அமைதியா, நீயா? அந்தப் படத்தைத் தாண்டித்தான் ஒரு வருஷமாகச் சாப்பிடப் போனேன். தினமும் சோறு நாறியது. வார்டன் சொன்னது பொய் என்று விடுதிக்கே தெரியும். எல்லாரும் சாப்பிட்டோம், கை கழுவினோம்.

வருஷ நினைவுக் கூட்டத்தை வசதிக்காக ஒரு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். உன் அம்மா உங்கள் ஊரிலிருந்து நடந்தே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வார்டன் என்னைப் படிக்கக் கூப்பிட்டார், நெருங்கிய தோழியாம். சங்கீதம் எது என்று சொல்லவே வேண்டாம், அவருடைய மேய்ப்பன்தான். நான் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நீ ஜுரம் என்று சொன்ன அதே தேதி. நடுவில் அதே எண்பத்தெட்டு.

படித்தேன். நீ நிறுத்தப்பட்ட இடம் வந்தது. வார்டன் கையைக் காட்டினார். நான் தலையைத் தூக்கவே இல்லை, கடைசி வரி வரைக்கும் போனேன். முடித்துவிட்டு, நீ செய்வது மாதிரி கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். திருப்பி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே. வெங்காய வித்தையைக் கொண்டுவந்தவள் நான் என்றேன். அதனால்தான் நீ ஜுரம் என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை, அக்குளை மோந்து பார்த்தார்கள், நான் சிரித்தேன் என்றேன். கூடத்தில் யாரோ இருமினார்கள். வார்டன், பிள்ளை துக்கத்தில் உளறுகிறாள், நாம் ஜெபிப்போம் என்று கண்ணை மூடிவிட்டார். எல்லாரும் மூடிக்கொண்டார்கள்.

உன் அம்மா மூடவில்லை. எழுந்து என்னிடம் வந்தார்.

"ஜுரம்னு சொன்னாளா?"

"சொன்னாம்மா."

"வாயத் தொறந்து சொன்னாளா?"

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னா."

அறைவார் என்று நின்றேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சொல்லாம கெடந்து செத்துட்டியேன்னு ஒரு வருசமா எம்பொண்ணத் திட்டிக்கினு கீறேன்" என்றார். சுவரிலிருந்து உன் படத்தைக் கழற்றி, கீழே ஒட்டியிருந்த அமைதியை நகத்தால் சுரண்டிக் கிழித்துப் போட்டுவிட்டு, படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒழுங்கீனம் என்று மறுவாரமே என்னை விடுதியிலிருந்து சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற போக்கில் பின்னட்டைப் பட்டியலை உரித்து எடுத்து வந்துவிட்டேன். விடுதியில் நான் கடைசியாகத் திருடியது அதுதான். தினமும் மூன்று பகுதியும் படிக்கிறேன். எதையும் தாண்டுவதில்லை. இனிப்பாய் வருகிற நாளிலும் தாண்டுவதில்லை. முடிந்ததும் சும்மா இருந்துவிட்டுத் திருப்பி ஒரு வார்த்தை சொல்கிறேன். உன்னை மாதிரி சாமியைத் திட்ட இன்னும் வாய் வரவில்லை. என்னைத்தான் திட்டுகிறேன்.

இன்றைக்கு வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து மிச்ச வெங்காயத்தையும் உரித்துக் கொடுத்தேன். சோப்புப் போட்டும் விரலில் நாற்றம் போகவில்லை. அந்தக் கையால்தான் பட்டியலைத் திறந்தேன்.