ஸ்தோத்திரப் பட்டியலில் நம் மகன்

கண்ணயராமல் நம்மைக் காக்கும் கர்த்தருக்கே மகிமை.

ஸ்காபரோ, 14.02.1993

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் தணிந்ததா?

மகன் நேசராசாவின் அகதி வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கலங்கினேன். ஆயினும் இன்று ஆலயத்தில் அவன் பெயரை விண்ணப்பப் பட்டியலில் எழுதாமல், ஸ்தோத்திரப் பட்டியலில் எழுதினேன்.

போதகர் சிரித்தார். "அன்ரி, தீர்ப்பு வரமுன்னமே நன்றியோ? மாத்தி எழுதட்டோ?"

"வேண்டாம் ஐயா. கேட்டுக் கேட்டு முழங்கால் தேஞ்சு போச்சு. இனி என்னை வெட்கப்படுத்தாமல் விடுறது கர்த்தரின்ரை பொறுப்பு."

அப்படியே வாசித்தார், சபை ஆமென் என்றது.

நீங்கள் யாழ்ப்பாணத்தில் ஜெபிக்கும் நேரத்தை எழுதுங்கள். அதே நேரத்தில் இங்கே நானும் முழங்காலிடுவேன். தனியே ஆமென் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

உங்களையும் நம் வீட்டாரையும் அவர் தம் நிழலில் வைத்துக் காப்பாராக.

உங்கள்
புஷ்பராணி